பன்னிரண்டு செய்திகளும் சிவப்புப் பென்சிலும்

நடந்த விஷயம் உப்புக்குப் பெறாது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பள்ளிக்கூடம் இணையத்தில் நடத்தும் வீட்டுப்பாடப் பக்கத்தில் தான் வரைந்த யானையைப் போட்டாள். அதன் கீழே அதே வகுப்புப் பையன் ஒருத்தன், “இது யானையா பன்னியா, நீ லூசு” என்று எழுதினான். அவனுக்கு வயது எட்டு. சன்னமான குரலும் அதைவிடச் சன்னமான கழுத்துமாக இருப்பதால் வகுப்பில் எல்லோரும் அவனைக் குருவி என்பார்கள். வாயாடி என்று பேரெடுத்த அந்தச் சிறுமி பதிலுக்கு, “நீதான் பன்னி” என்று எழுதிவிட்டு விளையாடப் போய்விட்டாள். கணக்கு அத்தோடு தீர்ந்தது.

தீர்ந்த கணக்கை வாயாடியின் அம்மா திறந்தாள். பையனுடைய வார்த்தையை மட்டும் படம் பிடித்து, மகளுடைய வார்த்தையைக் கவனமாக வெட்டிவிட்டு, பெற்றோர் குரூப்பில் போட்டாள். மணி அப்போது மாலை ஐந்து. எட்டு மணிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு செய்திகள் வந்து விழுந்தன. படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், வாசலில் பெயர்ப்பலகை மாட்டியவர்கள் எல்லாரும் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். வளர்ப்பு சரியில்லை என்றார் ஒருவர். உங்கள் வீட்டு லட்சணம் எங்களுக்குத் தெரியாதா என்றார் இன்னொருவர். நாலு நிமிஷம் நீளும் குரல் பதிவு ஒன்று வந்தது. அதில் மூன்று நிமிஷம் மூச்சு வாங்கும் சத்தம். ஒவ்வொரு ஏச்சுக்கும் கீழே தவறாமல் கும்பிட்ட கைகள். வாயாடியின் அப்பா அந்தக் குரூப்பின் அட்மின். பாத்ரூம் டைல்ஸ் கடை வைத்திருந்தாலும் அட்மின் என்பதுதான் தன் உத்தியோகம் என்று நம்புகிறவர். “நான் யாருன்னு தெரியாம பேசாதீங்க, என் பொறுமைக்கும் ஒரு அளவு உண்டு” என்று அவர் அன்று மட்டும் இரண்டு தடவை எச்சரித்தார். அவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் அதிலுள்ள பரிதாபம்.

இதற்கெல்லாம் சிகரம் வைத்ததுபோல் ஒரு பல் டாக்டர், விளையாட்டு விழாப் போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து, குருவியின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, “இந்தப் பையன்தான், எல்லாரும் பார்த்து வெச்சுக்குங்க” என்று அனுப்பினார். அடுத்த நிமிஷம் குருவியின் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் குரூப்பை விட்டு வெளியேறினாள்.

மறுநாள் முதல் பீரியடிலேயே வாயாடியும் குருவியும் ஒரே ரப்பரை ஆளுக்குப் பாதியாகக் கடித்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டர் மிஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆசிரியர் ஒருவர் குரூப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. யாரும் முன்வராததால் அது அவள் தலையில் விழுந்திருந்தது. பதினாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியதில் பெற்றோர்களைப் பற்றி அவளுக்கு ஒரு தெளிவான அபிப்பிராயம் உண்டு. அதை வெளியே சொன்னால் வேலை போய்விடும். அதனால் மனசுக்குள் வைத்து, தினமும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தாள்.

அன்று காலை தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் சாய்ந்தே சம்பளம் வாங்கிப் பழகியவர். பெற்றோர்கள் ஒரே குரலாகக் கேட்கிறார்கள் என்றார். இணையத்தில் மரியாதையாக நடந்துகொள்வது எப்படி என்று வியாழக்கிழமை இரண்டு பீரியட் வகுப்பு எடுக்க வேண்டும், பயிற்சித்தாள் கொடுக்க வேண்டும், அது வீட்டுக்குப் போய்க் கையெழுத்தாகி வர வேண்டும்.

“யாருக்கு சார் வகுப்பு?” என்று கேட்டாள் மிஸ்.

“பிள்ளைங்களுக்குத்தான் மிஸ். வேற யாருக்கு?”

நிர்வாகம் அனுப்பிய கையேடு ஒன்று இருந்தது. அதில் ஒரு முயல் ஒரு ஆமைக்கு மின்னஞ்சல் அனுப்பி மன்னிப்புக் கேட்டது. நாலு பக்கம் படித்துவிட்டு, இதை எழுதியவர் முயலையும் பார்த்ததில்லை, பிள்ளையையும் பார்த்ததில்லை என்று முடிவு கட்டி மூடி வைத்தாள். பிறகு குரூப்பைத் திறந்தாள். உதாரணங்கள் கொட்டிக் கிடந்தன. பேரெல்லாம் நீக்கிவிட்டுப் பதினோரு செய்திகளைப் பொறுக்கினாள். ஏழாவதாக, போட்டோவை ஒட்டாமல், “ஒரு பையனின் படத்தில் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு, இவன்தான், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்புவது” என்று எழுதினாள். நல்ல உதாரணம் ஒன்றாவது வேண்டாமா என்று யோசித்துத் தன்னுடையதையே பன்னிரண்டாவதாகச் சேர்த்தாள். சண்டை நடந்த மாலை ஆறரை மணிக்கு அவள் போட்ட செய்தி அது: “அன்பான பெற்றோர்களே, குழந்தைகள் சமர்த்தாக வீட்டுப்பாடம் செய்யும் நேரம் இது. பெரியவர்களும் அவரவர் வேலையைப் பார்த்தால் அழகாக இருக்குமே.” கூடவே ஒரு சிரித்த முகம். மரியாதைக்கு இதைவிட எடுப்பான மாதிரி கிடையாது என்பது அவள் எண்ணம்.

வியாழக்கிழமை முப்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு தாளும் சிவப்புப் பென்சிலுமாக உட்கார்ந்தார்கள். எது தப்போ அதைச் சிவப்பால் சுழிக்க வேண்டும். ஏதோ ஒரு குரூப்பில் யாரோ எழுதியது என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

பிள்ளைகள் வேலையில் இறங்கினார்கள். முதல் செய்தியைப் படித்ததுமே ஒருத்தன் முகத்தைச் சுளித்தான். இவர்கள் எல்லாம் எந்தக் கிளாஸ் என்று ஒருத்தி கேட்டாள். ஒண்ணாங்கிளாஸாகத்தான் இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்குத்தான் இப்படிப் பேசத் தோன்றும் என்று பின் வரிசையிலிருந்து தீர்ப்பு வந்தது. மிஸ்ஸுக்கு உள்ளே சர்க்கரை கரைந்தது. நாலாவது செய்திக்கு வந்தபோது வாயாடி நிமிர்ந்து, எங்கப்பா கடையில் இப்படியேதான் போன் பேசுவார் என்று பெருமையாகச் சொன்னாள். மிஸ் சட்டென்று ஐந்தாவதுக்குப் போகச் சொல்லிவிட்டாள்.

வகுப்பு ஏழாவதுக்கு வந்தது. அந்தப் பையன் வீடு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்குக்கூட முகம் தெரிந்துபோகும் இல்லையா என்று ஒருத்தன் கேட்டான். அதைத்தான் அவள் சொல்ல நினைத்திருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் கைக்கு ஒரு படம் போனால் அது எங்கெங்கே போகும், ஏன் திரும்பி வராது என்று விளக்கினாள். நன்றாகவே விளக்கினாள். பேசிக்கொண்டே வரிசைகளுக்கு நடுவே நடந்தவள் குருவியின் பக்கத்தில் வந்தபோது, அவன் ஏழாவதைச் சுழிக்காமல் பென்சில் முனையை அதன் மேல் வைத்தபடி இருப்பதைப் பார்த்தாள்.

“அது நான் ஓட்டத்துல மூணாவது வந்த போட்டோ மிஸ்,” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

பெரியவர்களைக் கிழித்துத் தொங்கவிடும் ஆசையில் இந்தப் பிள்ளை இதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை அவள் யோசித்தே பார்க்கவில்லை. அவன் தோளைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவதை இருபத்தாறு பேர் சிவப்பால் சுழித்திருந்தார்கள். அவள் முதலில் புரியாமல் செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். இதில் கெட்ட வார்த்தையே இல்லையே, ஏன் சுழித்தீர்கள் என்று கேட்டாள்.

வாயாடி எழுந்தாள். “நல்லா பேசற மாதிரி பேசி அசிங்கப்படுத்தறாங்க மிஸ். எங்க அத்தை எங்கம்மாகிட்ட இப்படித்தான் பேசும். எங்கம்மா அப்புறம் சமையல்கட்டுல அழும்.”

மணி அடித்தது. தாள்கள் பைகளுக்குள் போயின. தடுக்க நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம், அவள் தடுக்கவில்லை.

அன்று மாலை குரூப்பில் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. வழக்கமாக ஏழு மணிக்கு வாழ்க்கைத் தத்துவம் அனுப்புகிறவர்கூட வாயைத் திறக்கவில்லை. அறுபது பேரும் அவரவர் வீட்டில், பிள்ளையின் சிவப்புச் சுழிப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்து, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு இனித்தது. கோபப்பட வேண்டுமானால் முதலில், இது நான் எழுதியது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எவருக்கும் துணிவில்லை. மறுநாள் இருபத்தெட்டுத் தாள்கள் பணிவாகக் கையெழுத்தாகி வந்தன. பல் டாக்டர் மட்டும் கையெழுத்தோடு நிற்காமல், “அருமையான முயற்சி. இன்றைய குழந்தைகளுக்கு மிகவும் தேவை” என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். தான் செய்த காரியத்தையே அந்த மனுஷனுக்கு அடையாளம் தெரியவில்லை.

இருபத்தொன்பதாவது தாளைக் குருவியின் அம்மா கையிலேயே கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை; ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில், சீருடையோடு பள்ளிக்கூட வாசலருகே நின்றாள். கம்ப்யூட்டர் மிஸ் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். பையன் வகுப்பில் இருக்கும்போது ஏழாவதைச் சேர்த்திருக்கக் கூடாது, தன் தப்புதான் என்றாள்.

அந்த அம்மா அவளையே பார்த்தாள். “அது பரவாயில்ல மிஸ். அவனாவது அது தப்புன்னு ஒருத்தர் வாயால கேட்டான். நான் வேற ஒண்ணு கேக்கணும். அந்த போட்டோ வந்தப்ப நீங்க குரூப்ல இருந்தீங்கதானே?”

“இருந்தேன்.”

“அதை எடுங்கன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே. அவரவர் வேலையைப் பாருங்கன்னு எழுத நேரம் இருந்துச்சு உங்களுக்கு.”

திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மற்றவர்களை அற்பமாக நினைத்து நினைத்தே சுகம் கண்டுவந்த மிஸ்ஸுக்கு, அந்தப் பட்டியலில் பன்னிரண்டாவது ஆள் தான்தான் என்பது அந்த இடத்தில்தான் உறைத்தது. எல்லாவற்றையும் படித்தாள், உள்ளுக்குள் சிரித்தாள், சாமர்த்தியமாக ஒரு வரி போட்டாள். பிள்ளையின் முகம் வட்டத்துக்குள் அப்படியே கிடந்தது. இன்றும் கிடக்கிறது.

பத்து மணிக்குத் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஆள் வந்தது. முப்பதாவது தாளோடு அட்மின் உட்கார்ந்திருந்தார். முகம் வெந்த செங்கல்லாக இருந்தது. என் செய்தியை என் அனுமதி இல்லாமல் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுக்க இந்த மிஸ் யார் என்று மேஜையைத் தட்டினார்.

தலைமையாசிரியர் தாளை எடுத்துப் பார்த்து, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். “இதுல எது சார் உங்களோடது?”

அட்மின் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “நாலு,” என்றார். பிறகு, “ஒன்பதும்.”

“எட்டும் உங்களோடதுதானே சார்? அதே மாதிரி இருக்கே.”

“எட்டு என் மனைவி.”

மிஸ்ஸுக்கு வேறொரு நாளாக இருந்தால் இந்த ஒரு வரி ஆறு மாசத்துக்குப் போதும். இன்று சிரிப்பு வரவில்லை. மன்னிப்புக் கடிதம் வேண்டும், குரூப்பில் எல்லார் முன்னாலும் வேண்டும் என்று அவர் சொல்வதைக் கேட்டு முடித்தாள்.

“எழுதறேன் சார். அதுக்கு முன்னாடி போனை எடுங்க,” என்றாள். “ஏழாவது இன்னும் குரூப்லதான் இருக்கு. மத்தவங்க போட்டதை அழிக்கற உரிமை அட்மினுக்கு மட்டும்தான் உண்டு.”

அது நான் போட்டதில்லையே என்றார் அவர். அழிக்கிறதும் யாரோ வந்து செய்ய மாட்டார்கள் என்றாள் அவள். அவர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். குரூப்பை மேலே தள்ளித் தள்ளிப் படத்தைக் கண்டுபிடித்ததும் கை நின்றுவிட்டது. ஆறு வருஷமாக அட்மினாக இருக்கும் மனிதருக்கு ஒரு செய்தியை அழிக்கத் தெரியவில்லை. மிஸ் நாற்காலியைச் சுற்றி அவர் பின்னால் வந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லும் அதே நிதானத்தில் சொன்னாள்.

“படத்து மேல விரல் வைங்க. எடுக்காதீங்க, அழுத்திப் பிடிங்க. மேல குப்பைத்தொட்டி மாதிரி ஒண்ணு வருது பாருங்க. அதைத் தொடுங்க. எல்லாருக்கும் அழிக்கவான்னு கேக்கும். ஆமான்னு சொல்லுங்க.”

அவர் ஆமாம் என்றார், வாய் விட்டே. படம் போயிற்று. எத்தனை பேர் ஏற்கெனவே தங்கள் போனில் சேமித்து வைத்திருக்கிறார்களோ, அதற்கு யாரிடமும் குப்பைத்தொட்டி இல்லை.

தலைமையாசிரியர் அப்படியும் கடிதத்தை விடவில்லை. அவள் அன்று மதியமே குரூப்பில் எழுதினாள். பயிற்சித்தாளில் இருந்த பன்னிரண்டாவது செய்தி தன்னுடையது என்றும், இருபத்தாறு பிள்ளைகள் அதைத் தப்பு என்று சுழித்தார்கள், சுழித்தது சரிதான் என்றும், ஒரு பிள்ளையின் படம் இங்கே வந்தபோது பேச வேண்டியதைப் பேசாமல் இருந்ததற்கு வருந்துகிறேன் என்றும் எழுதினாள். மற்ற பதினொன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐம்பத்தெட்டுப் பேர் படித்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. பல் டாக்டர் மட்டும் கும்பிட்ட கைகளை அனுப்பினார்.

மறுவாரம் பழையபடி குரூப் கலகலத்தது. பள்ளி வேன் பத்து நிமிஷம் லேட்டாக வந்ததற்காக டிரைவரின் பரம்பரையைத் தோண்டினார்கள். அதற்கடுத்த வாரம் அட்மின், மிஸ் இல்லாத வேறொரு குரூப் தொடங்கி எல்லாரையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று வாயாடி வந்து சொன்னாள். அங்கே என்ன நடக்கிறது என்பதை ஊகிக்க மிஸ்ஸுக்குப் பெரிய அறிவு தேவைப்படவில்லை.

குருவியின் அம்மா எந்தக் குரூப்புக்கும் திரும்பவில்லை. வீட்டுப்பாடத்தை மிஸ் தினமும் சாயங்காலம் அவள் எண்ணுக்குத் தனியாக அனுப்புகிறாள். முதல் மூன்று நாள் பதில் இல்லை. நாலாவது நாள், “சரி மிஸ்” என்று வந்தது.