அண்ணி பானையைப் போட்ட கதை

கூடத்தில் சின்னவர் தொண்டையைக் கனைத்தார். சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணிக்கும் அது கேட்டது. அந்தக் கனைப்பு எதற்கென்று அவளுக்குத் தெரியும். புது ஆள் யார் வந்தாலும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த கையோடு அவளுடைய கொழுந்தன் அந்தக் கதையை அவிழ்த்துவிடுவார். இன்றைக்கு வந்திருப்பவர்கள் அண்ணியின் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனும் அவன் அம்மாவும். விட்டுவிடுவாரா?

நியாயமாகப் பார்த்தால் அந்த வீட்டில் சின்னவர் ஒருவருக்குத்தான் அவள் அண்ணி. ஆனால் அவர் போட்ட சத்தத்தில் தெருவுக்கே அண்ணியாகிவிட்டாள். பால் ஊற்றுகிறவன் அண்ணி என்பான், எதிர்வீட்டுப் பல் வைத்தியர் அண்ணி என்பார். ஒருநாள் புருஷனே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எங்க அண்ணிய சாதாரணமா நினைச்சுடாதீங்க சம்பந்தியம்மா," என்று சின்னவர் ஆரம்பித்துவிட்டார். "எனக்கு வேலை கிடைச்ச புதுசு. கூட்டாளிங்க எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். இதே கூடம். இலை போடாத குறையா பசங்க வரிசையா உக்காந்திருக்கானுங்க. பசி காதை அடைக்குது. உள்ளருந்து வர்றாங்க எங்க அண்ணி. கையில சோத்துப் பானை. ஆவி பறக்குது. ஆகா, பரிமாறப் போறாங்கன்னு ஒருத்தன் தட்ட வேற நீட்டுறான். வந்தாங்க. நின்னாங்க. ஒரு பார்வை. டமார்!"

மேசையில் ஒரு தட்டு தட்டினார். பையனின் அம்மா தூக்கிவாரிப்போட்டுச் சிரித்தாள். சின்னவருக்கு இனிமேல்தான் சூடு பிடிக்கும். வலது கையை வட்டமாகச் சுழற்றி, பானையின் மூடி உருண்ட விதத்தைக் காட்டினார். மூடி நாற்காலிக் காலில் முட்டி, வாசற்படியில் குதித்து, தெருவில் இறங்கி, எதிர்வீட்டு நாய்க்கு முன்னால் போய் மரியாதையாகப் படுத்துக்கொண்டதாம். கை, கால், மூக்கு வைத்துச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கடைசி வரியை வழக்கம்போல் மெதுவாகச் சொன்னார். "அப்புறம் என்ன, அத்தனை பேரும் கார்ல நெருக்கியடிச்சு ஏறி ஓட்டலுக்குப் போயிட்டோம்!"

வீடே சிரித்தது. மகளும் சிரித்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள். அழுதால் சமாதானப்படுத்த, காய்ச்சலில் மருந்து குடிக்கவைக்க, பரீட்சை பயத்தைப் போக்க, எல்லாவற்றுக்கும் சித்தப்பா சொன்னது இதைத்தான். சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர் அவர்தான், அதையும் அண்ணி மறுக்க மாட்டாள். அதனால்தானே இத்தனை வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். "குழந்தைக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அவன் மூஞ்சியில முழிப்பாளா? குடும்பம் ரெண்டாயிடும்," என்று புருஷன் கெஞ்சினார். குடும்பம் ஒன்றாகத்தான் இருந்தது. பத்திரமாக, ஒரு பொய்யின் மேல் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு.

மகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். இந்த வாரம்தான் வகுப்புக்காகப் பெரிய அட்டை ஒன்றைத் தரையில் விரித்து வண்ணப் பேனாவால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது, எப்படி முடிந்தது என்று ஐந்து கட்டம். அடியில் ஆறாவதாக 'கரு' என்று எழுதிக் காலியாக விட்டிருந்தாள். அதை ஏன் நிரப்பவில்லை என்று அண்ணி கேட்டாள். மகள் வழக்கம்போல் தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டி மறுபடி கேட்கச் சொன்னாள். இடது காது அவளுக்குக் கேட்காது. பிறவியிலேயே அப்படி என்று சொல்லி வைத்திருந்தார்கள். பையன் வீட்டிலும் அப்படியே சொல்லியாகிவிட்டது.

"கருவை யாரும் எழுதித் தரமாட்டாங்கம்மா. பிள்ளைங்கதான் கண்டுபிடிக்கணும்," என்றாள் மகள். "கதையில யாரை உள்ள விடுறாங்க, யாரை வெளிய நிறுத்துறாங்க, எங்க ஆரம்பிக்கிறாங்கன்னு பாக்கணும். ஆரம்பத்தக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சாக்கூடப் போதும், கதை சொல்ற விஷயமே மாறிடும்."

அண்ணி ம் என்று மட்டும் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சு பல்லிடுக்கில் மாட்டிய நார்போல அவளை விடவில்லை. அந்தக் கதையில் நான் எங்கே ஆரம்பிக்கிறேன்? பானையோடு ஆரம்பிக்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரு காலை கிடையாது. ஒரு குழந்தை கிடையாது. மூடிக்கும் நாய்க்கும் இடம் இருக்கிற கதையில் என் பிள்ளைக்கு இடம் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். இந்த ஆள் மறைத்தது என் பிள்ளையை.

தட்டுகளை எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது பையனின் அம்மா இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏன் போட்டீங்க? அப்படி என்ன கோபம்?"

"காரணம் வேற வேணுமா? மூக்குக்கு மேல கோபம் அண்ணிக்கு," என்று சின்னவர் முந்திக்கொண்டார். "ஆனா மனசுல ஒண்ணும் கிடையாது. பாவம்."

அந்தப் 'பாவம்' கூடப் பரவாயில்லை. மகள் சிரித்துக்கொண்டே வருங்கால மாமியாரின் கையைத் தொட்டுச் சொன்னாளே, அதுதான் அண்ணியின் காலை நகரவிடாமல் நிறுத்தியது.

"பயப்படாதீங்க அத்தை. நான் எங்கம்மா மாதிரி இல்ல. யார் என்ன சொன்னாலும் அடங்கிப் போயிடுவேன்."

அண்ணி தட்டுகளை மேசையில் வைத்தாள். சத்தம் வராமல்தான் வைத்தாள். இத்தனை வருடக் கோபமும் சின்னவர் மேல் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் தன்மேலும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்து பெற்ற பிள்ளைக்கு இதைத்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"தம்பி கதைய நல்லாத்தான் சொல்வாரு," என்றாள். "ஆரம்பத்த மட்டும் விட்டுட்டாரு. நான் சொல்றேன்."

"விடும்மா, பழைய கதை," என்றார் புருஷன், தண்ணீர்க் குவளையைப் பார்த்தபடி.

"பழசுதான். அதான் நாறுது." அவள் மகளின் வலது பக்கம் போய் நின்றுகொண்டாள். "அப்ப உனக்கு ரெண்டு வயசு. மூணு நாளா காய்ச்சல். உங்கப்பா வேலை விஷயமா வெளியூர்ல. அன்னைக்குக் காலையில தூக்குனா கழுத்து விறைச்சு நிக்குது, கண்ணு செருகுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும், வண்டிய எடுங்கன்னு உன் சித்தப்பாகிட்டக் கேட்டேன். கூட்டாளிங்க வந்துட்டாங்க அண்ணி, சாப்பாட்ட முடிச்சதும் போலாம்னாரு. அடுப்புல சோறு வேகுது, மடியில நீ வேகுற. திரும்பப் போய்க் கேட்டேன். சாப்பிட்டதும் போலாம்னாரு. சாவியையாவது குடுங்க, தெருவுல யாரையாவது ஓட்டச் சொல்றேன்னு கேட்டேன். எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. சாப்பிட்டதும் போலாம்னாரு."

பையனின் அம்மா சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சாப்பாடு இருந்தாத்தானே சாப்பிட்டுட்டுப் போகணும்? அதான் போட்டேன். கோபத்துல போடலடி. இப்ப சாப்பாடு இல்ல தம்பி, கிளம்பலாமான்னு கேட்டேன். அதையும் கேட்டேன். அந்த வரி இவர் கதையில வராது."

"அண்ணி, அது வந்து..."

"இருங்க தம்பி. கடைசி வரி நீங்க சொன்னதுதான். அத்தனை பேரும் கார்ல நெருக்கியடிச்சு ஏறி ஓட்டலுக்குப் போனீங்க. நான் இவளைத் தோள்ல போட்டுக்கிட்டு மெயின் ரோட்டுக்கு ஓடுனேன். டாக்டர் மூளைக் காய்ச்சல்னாரு. காலையிலயே கொண்டு வந்திருந்தா காதக் காப்பாத்தியிருக்கலாம்னாரு." மகளின் இடது காதை விரலால் தொட்டாள். "பிறவியில இல்லடி இது. பொறக்கும்போது உனக்கு ரெண்டு காதும் கேட்டுச்சு. கிலுகிலுப்பைய எந்தப் பக்கம் ஆட்டினாலும் அந்தப் பக்கம் திரும்புவே."

யாரும் தட்டைத் தொடவில்லை. சமையலறையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பையன் தன் அம்மாவைப் பார்த்தான், அம்மா மேசைவிரிப்பைப் பார்த்தாள். இந்தக் கல்யாணம் இங்கேயே நின்றுபோனாலும் போகட்டும் என்று அண்ணிக்கு இருந்தது. ஆனால் மகள் முகத்தைப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. உயிராக இருந்த ஒரு மனிதரை ஐந்து நிமிடத்தில் அவளிடமிருந்து பிடுங்கியாகிவிட்டது. அதற்காகவும் அவள் கோபப்படலாம். படட்டும், நான் தாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்தாள்.

மகள் அழவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, உடம்பு முழுவதையும் சின்னவர் பக்கம் திருப்பினாள். வகுப்பில் பதில் தெரியாத பிள்ளையிடம் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"சித்தப்பா, அம்மா கேட்டப்போ கார் சாவி எங்க இருந்துச்சு?"

பானை மூடி உருண்டதைச் சுழற்றிக் காட்டிய சின்னவரின் அந்த வலது கை மெதுவாக நகர்ந்து, அவருக்கே தெரியாமல், சட்டைப் பையை இறுகப் பொத்திக்கொண்டது.