நாலு விரல் மார்க்கா

ராஜாராமின் ஏலக்காய் மண்டிக்கு ஒரு புது மார்க்கா வேண்டியிருந்தது. போடியில் அப்போது யானை, மயில், வேல், குத்துவிளக்கு எல்லாவற்றையும் மற்ற மண்டிக்காரர்கள் சாக்கில் ஏற்றிவிட்டார்கள். மழையில் மை கசிந்தால் யானையும் மயிலும் ஒன்றுபோலத்தான் தெரியும். அப்படித்தான் மலையிலுள்ள குரங்கணியில் மூடை மாறி, ராஜாராமின் முதல் தரச் சரக்கு வேறொருவன் பெயரில் பம்பாய்க்குப் போய்விட்டது. அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் இல்லை.

மார்க்கா வெட்டித் தருகிறவன் கன்னையன். தகரத்தில் படத்தை வெட்டி, சாக்கின் மேல் வைத்து மை தடவினால் படம் பதியும். அவன் கொண்டுபோன ஆமை, சங்கு, வெற்றிலை எதையும் ராஜாராம் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"எவனும் நெனச்சிருக்கக் கூடாதுடா. ஒரு தடவை பாத்தவன் மறக்கக் கூடாது" என்றார். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கிறது?

யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோன கன்னையன், தங்கை ராமுத்தாய் வீட்டுக்குச் சாப்பிடப் போனான். அவள் புருஷன் மலைச்சாமி குரங்கணியிலிருந்து மூடை சுமந்து இறக்குகிறவன். கால் கழுவிவிட்டு அவன் உள்ளே வர, மெழுகிய தரையில் ஈரக்கால் பதிந்தது. வலது காலில் நாலே விரல். ராஜாராமின் தோட்டத்தில் காடு வெட்டும்போது சுண்டுவிரலை அரிவாள் கொண்டுபோயிருந்தது. கன்னையன் எச்சில் கையோடு எழுந்துவிட்டான்.

"மாப்ளே, அப்படியே நில்லு! கால எடுத்துறாத!"

ராஜாராமுக்குப் படம் பிடித்துப்போயிற்று. யார் கால் என்று அவர் கேட்கவில்லை, கன்னையனும் சொல்லவில்லை.

ஒரே பருவத்தில் நாலு விரல் மார்க்கா பேர் வாங்கியது. பம்பாய்க்காரன் மார்க்காவைச் சொல்லிச் சரக்குக் கேட்டான். பேர் வந்தால் கதை வேண்டாமா? மலையில் தவம் செய்த சித்தரின் பாதம் என்று ராஜாராம் அவிழ்த்துவிட்டார். படத்துக்குச் சட்டம் போட்டு மண்டியில் மாட்டி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். பொய் சொன்னவனே அதை நம்பத் தொடங்கிவிட்டால் அப்புறம் யார் நிறுத்துவது?

ஐப்பசி மழையில் மலைச்சாமி மூடையோடு மண்டிக்குள் நுழைந்தான். வாசலிலிருந்து உள்ளே வரை சேற்றுக்கால். மதுரையிலிருந்து வந்திருந்த வியாபாரி தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன ராஜாராம், உங்க சித்தரே மூடை தூக்க வந்துட்டாரா?"

அந்தச் சிரிப்பை ராஜாராமால் செரிக்க முடியவில்லை. காலை மறைத்துக்கொண்டு வரும்படி மலைச்சாமியிடம் சொன்னார். மறுநாள் அவன் செருப்புப் போட்டு வந்தான். "கூலிக்காரப் பய என் முன்னால செருப்போட நிப்பியா?" என்று குதித்தார். வெறுங்காலும் ஆகாது, செருப்பும் ஆகாது என்றால் மனிதன் தலையாலா நடப்பான்? கடைசியில் வேலைக்கே வரவேண்டாம் என்று துரத்திவிட்டார். மற்ற மண்டிகளிலும் அவனைச் சேர்க்கவில்லை. அடுத்தவன் மார்க்கா தங்கள் வாசலில் நடமாடுவதை எந்த வியாபாரி பொறுப்பான்?

கன்னையன் ராஜாராமிடம் ஓடினான். "இன்னொரு விரலச் சேத்து வெட்டித் தர்றேன் முதலாளி. அவன வேலைக்கு வச்சுக்கங்க."

"பம்பாயில நாலு விரல்னுதான் கேக்குறான். அஞ்சு விரல் ஊர்ல எவனுக்குடா இல்ல? போயி சோலியப் பாரு."

கன்னையன் சாக்குகளுக்கு மை அடித்துக்கொண்டிருந்தபோது ராமுத்தாய் வந்து நின்றாள். வீட்டில் அடுப்பு எரிந்து இரண்டு நாளாகியிருந்தது.

"ஆத்தா, நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்" என்றான்.

"அம்புட்டு யோசிச்சியேண்ணே, ஒன் கை பக்கத்துலயேதான இருந்துச்சு? அத வரஞ்சு குடுத்திருந்தா, இன்னைக்கு ஒன் கையத்தான மறைக்கச் சொல்லியிருப்பாக?"

அவள் போய்விட்டாள். சாக்குகள் வெரசா வேண்டும் என்று மண்டியிலிருந்து ஆள் வந்து நின்றான். மிச்சமிருந்த சாக்குகளிலும் கன்னையன் மலைச்சாமியின் காலை அடித்துக் கொடுத்தான்.