கால் தட்டும் இடம்

குமராட்சிக்குத் தெற்கே கொள்ளிடத்தின் நடுத்திட்டில் எனக்கு அரை ஏக்கர் கத்தரித் தோட்டம். வேறு பிழைப்பு இல்லை. ஆற்றுக்கு இறங்கும் பாதையைக் கரையோர நிலத்துக்காரன் கலியமூர்த்தி முள்வேலி போட்டு அடைத்துவிட்டான். என் பத்திரத்தில் 'துறைக்குப் போகும் பாதை' என்று இருக்கிறது. துறை என்றால் படிக்கட்டு இருக்கணும், இங்கே படியும் இல்லை, துறையும் இல்லை, பாதை எதற்கு என்று மனு கொடுத்திருந்தான்.

விசாரிக்க சிதம்பரத்திலிருந்து சுவேதா என்ற அதிகாரி வந்தது. சின்னப் பெண். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். படித்தவர்கள் நம்பும்படி எனக்கு எதுவும் செய்ததில்லை.

"துறைன்னா என்னங்கய்யா?"

"கால வச்சா தரை தட்டணும். இடுப்புக்கு மேல தண்ணி ஏறக்கூடாது. படியெல்லாம் கோயில் குளத்துக்கு."

"அப்படிப் பேரு எப்படி வந்துச்சு?"

தெரியாது என்றால் அதையும் எழுதிக்கொள்ளும். மாடு வைத்த பேர் என்றேன். முழுப் பொய்யும் இல்லை. மாடு இறங்கிய இடத்தில்தானே முதலில் மனுஷனும் இறங்கியிருப்பான்.

கடந்து காட்டுங்கள், எழுதுகிறேன் என்றது அந்தப் பெண்.

வெள்ளம் வடிந்ததும் துறை இடம் மாறும். கிழட்டு மாட்டை முதலில் இறக்கித் தேடுவது எங்கள் வழக்கம். அதிகாரி வரப்போவது தெரிந்ததும், நம்பிக்கை இல்லாமல், முந்தின நாளே யாருக்கும் தெரியாமல் மாடு இல்லாமல் தனியாகப் போய்த் தேடி, அடையாளத்துக்கு மூன்று நாணல் தட்டை நட்டு வைத்திருந்தேன். ராத்திரி கீழணையில் தண்ணீர் விட்டதில் மணல் அரித்துவிட்டது. கடந்து காட்ட இறங்கி, மூன்றாவது தட்டையைத் தாண்டியதும் நெஞ்சு வரை தண்ணீருக்குள் போய்விட்டேன்.

"மாமா, இது நீச்சல் துறையா?" என்றான் கலியமூர்த்தி, கரையிலிருந்து.

தோட்டம் போச்சு என்றே நினைத்தேன். ஈரத்தோடு ஏறி, மாட்டை ஓட்டிவரச் சொன்னேன். மருமகள் இலக்கியா ஓட்டிவந்தாள். மாடு தண்ணீரை முகர்ந்தது, கரையோரமாகவே முப்பது அடி கிழக்கே போய் இறங்கியது. வயிறு நனையவில்லை. வாலைப் பிடித்தபடி நான், எனக்குப் பின்னால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அந்தப் பெண், கடைசியில் இலக்கியா.

அந்தப் பெண் திட்டில் நின்றே எழுதியது. படிக்கச் சொன்னேன். துறை நடப்பில் இருக்கிறது, வேலியை எடுக்க வேண்டும். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அப்புறம் வாங்கி இலக்கியாவிடம் கொடுத்தேன். அவளும் அதையே படித்தாள். அப்புறம்தான் மணலில் உட்கார்ந்தேன்.

மாடு கத்தரிப் பாத்திக்குள் புகுந்துவிட்டது. இலக்கியா விரட்ட ஓடினாள்.

"விடும்மா, தின்னட்டும்" என்றேன்.