மங்களத்தின் தோளில் என் பட்டு

மங்களத்தின் படத்தை முதலில் தொட்டது பக்கத்து வீட்டு ருக்கையாதான். "இங்க வந்து பாரு பூவம்மா, பட்டு சொரசொரன்னு இருக்கு!" என்று கத்தினாள். நானும் விரலை வைத்தேன். காய்ந்த எண்ணெய்ச் சாயம்தான், ஆனாலும் ஊடும் பாவும் விரலில் தட்டுப்பட்டன. சரிகை மேடிட்டிருந்தது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டேன்.

சிராங்கூன் சாலையில் போட்டோ பிடிக்கும் கடைக்கு என் வீட்டுக்காரர் பெரிய படங்களுக்கு வர்ணம் பூசிக் கொடுப்பார். முகம் போட்டோவிலேயே இருக்கும். துணியின் நிறமும் நெசவும் இவர் கைவேலை. மங்களம், எருமை வியாபாரி கோவிந்தசாமியின் மனைவி. புடவை நிறத்தைக் குறித்துக்கொள்ள ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போய் வந்தார். அதற்குப் பிறகு சோறு தண்ணியை மறந்து படத்தின் தோள் பக்கமே குனிந்து கிடந்தார். கத்தி முனையால் சாயத்தைக் கீறுவார், சாக்குத் துணியை ஒற்றி எடுப்பார், மறுபடி பூசுவார். என்னை ஒரு நாளாவது இப்படி உற்றுப் பார்த்திருப்பாரா இந்த மனுஷன்?

சாயங்காலம் கேட்டேவிட்டேன். "இந்தப் பட்டைத் தொட்டுப் பார்த்தீங்களா?"

"தொடாம எப்படி? நிறம்தான் கண்ணுக்குத் தெரியும். நெசவு விரலுக்குத்தான் தெரியும்."

"யாரு உடம்புல இருந்தப்போ தொட்டீங்க?"

தலையைக் குனிந்துகொண்டு சாய டப்பாவை மூடினார்.

அது போதும் எனக்கு. சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தேன். மங்களம் வீட்டில் படத்தைக் கொடுக்க அவர் புறப்பட்டபோது நானும் ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டேன்.

"நீ எதுக்கு?"

"அந்த மகராசியை நானும் ஒரு தடவை பார்த்துக்கிறேன்."

மங்களம் கூடத்துக்கு வந்தாள். படத்தோடு ஒப்பிட வேண்டும் என்று அதே அரக்குப் புடவையைக் கட்டியிருந்தாள். அழகிதான், அது வேறு எரிச்சல். ஆனால் அவள் புடவை மெல்லிசாக, வழவழவென்று உடம்பில் வழுக்கிக்கொண்டு நின்றது. படத்தில் இருந்தது கெட்டிப் பட்டு.

"என்ன பரமசிவம், என் பட்டு இப்படி முரடா இருக்காதே?" என்றாள் என் வீட்டுக்காரரிடம். "இருந்தாலும் இதுதான் எடுப்பா இருக்கு. ஆனா தோள்ல என்ன இது, கிழிசலைத் தைச்ச மாதிரி?"

குனிந்து பார்த்தேன். கரைக்குப் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சின்ன மேடு. கப்பலில் வரும்போது ஆணியில் மாட்டிக் கிழிந்த இடம். நான் இழையோட்டி அடைத்தது. என் கூறைப் புடவை!

எண்ணெய்க் கையோடு என் பெட்டியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நான் தண்ணீருக்குப் போன நேரத்தில் திறந்து தடவிப் பார்த்திருக்கிறார். அதுதான் அன்றைக்கு நான் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். மங்களத்தின் பட்டைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி.

அப்பாடா என்றிருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே முன்பைவிட அதிகமாகப் பொறாமை. என் பட்டு, என் தையல், அவள் தோளில், அவள் வீட்டுக் கூடத்தில் தொங்கப்போகிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ஒரு காகிதத்தில்கூட இவர் கிறுக்கியதில்லை.

"அந்தத் தையலை மட்டும் எடுத்துடுங்க" என்றாள் மங்களம்.

"சரிங்கம்மா" என்று கத்தியை எடுத்துச் சுரண்டினார். என் தையல் பொடிப்பொடியாகத் தரையில் உதிர்ந்தது. அப்போதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். கூறைப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலோரம் அவர் முக்காலியில் போய் உட்கார்ந்தேன். திட்டு விழும் என்று வாசலிலேயே நின்ற மனுஷன் திகைத்துப்போனார்.

"வரைங்க" என்றேன்.

கிட்ட வந்தார். பழக்க தோஷம், விரல் நேராக என் தோளில் இருந்த தையலுக்குப் போனது. தட்டிவிட்டேன்.

"அதுதான் உங்களுக்கு மனப்பாடமாச்சே. என் முகத்தைப் பாருங்க."