அரிசிச் சாக்கும் ரப்பர் புஷ்ஷும்

1951. மலாயாவில் கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார் அந்தோணிதாஸ். பட்டாளத்தார் கழித்துவிட்ட லோரி அது. கேபினைச் சேசிஸ்மேல் தாங்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்து நைந்திருந்தன. பள்ளத்தில் இறங்கினால் இரும்போடு இரும்பு இடிக்கும். ஸ்டீயரிங் கையை உதறும்.

புதுப் புஷ் கேட்டதற்கு, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பெர்னாட் ஒரு பழைய அரிசிச் சாக்கைக் கொடுத்தார்.

"இத மடிச்சுத் திணிச்சுக்க லா."

"ரப்பர் தோட்டத்துல ரப்பருக்கா பஞ்சம்?"

"சொன்னதச் செய்."

செய்தார். அடுத்த வாரம் சோதனைச் சாவடியில் போலீஸ்காரன் அந்தச் சாக்கை இழுத்தான். நாலைந்து அரிசிமணிகள் உதிர்ந்தன. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடி அரிசிகூடக் கம்பிவேலியைத் தாண்டக்கூடாத காலம். மூட்டை எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். "கிராணி குடுத்த சாக்குங்க" என்றார். விசாரித்தபோது, எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார் கிராணி.

மூட்டை எதுவும் அகப்படாததால் நான்காம் நாள் விட்டார்கள். மறுநாள் காலை, ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லோர் முன்னாலும், லோரிச் சாவியைக் கிராணியின் மேசைமேல் வைத்தார் அந்தோணிதாஸ்.

"புது ரப்பர் போடாம வண்டி நகராது."

"இந்த நேரத்துல வேலைய நிறுத்தினா என்ன பேரு வரும் தெரியுமில்ல?"

"அந்தப் பேருக்குத்தான் நாலு நாள் அடி வாங்கிட்டு வந்திருக்கேன். இனி என்ன?"

சத்தம் கேட்டுத் துரை வெளியே வந்தார். பால்வெட்டும் நல்லம்மாள் வாளியைத் தரையில் வைத்தாள்.

"சாக்கக் கிராணிதான் குடுத்தாரு, தொரை. நான் கண்ணால பாத்தேன். புஷ் மாத்தாம நாங்களும் வேலைக்குப் போக அந்த லோரில ஏற மாட்டோம்."

மற்றப் பெண்களும் வாளிகளை வைத்தார்கள். துரை வரிசையைப் பார்த்தார், பால் எடுக்காத மரங்களைப் பார்த்தார். பிறகு கிராணியிடம், இன்றே கோலகுபு டவுனுக்கு ஆளனுப்பச் சொன்னார்.

மாலையில் எட்டுப் புஷ்கள் வந்தன. ஆபீஸ் வாசலிலேயே லோரியை நிறுத்தி, கேபினை ஜாக்கியால் தூக்கி, ஒவ்வொன்றாகப் பழையதைப் பிடுங்கிப் புதியதை வைத்தார் அந்தோணிதாஸ். ஸ்பேனரை அழுத்தும்போதெல்லாம் விலா சுரீரென்றது. நிறுத்தவில்லை.

கிராணி பக்கத்தில் வந்து நின்றார். "கேட்டது கெடச்சிருச்சில்ல? இனிமே வாய மூடிக்கிட்டு ஓட்டு."

"ஓட்டுறது கை, கிராணியாரே. வாய் சும்மாதான இருக்கு, பேசும்."

கடைசி நட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார்.