மில் சுவரில் எழுதிய நாலு வார்த்தை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜாய்சன் தன் சேலையூர் ஃபிளாட்டில் காபியை உறிஞ்சியபடி லேப்டாப்பைத் திறந்தான். ஒரே ஒரு கேள்விதான் வந்திருந்தது. பார்த்ததுமே அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. யார் எதைக் கேட்டாலும் அவனுக்கு எரிச்சல்தான்.

அவன் எழுதிய மென்பொருளின் பெயர் வெள்ளமணி. பாலத்தில் மாட்டிய ஒரு சின்னக் கருவி கால்வாய்த் தண்ணீரை அளந்துகொண்டே இருக்கும். முந்தைய அளவோடு ஒப்பிட்டு, தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று வெள்ளமணி தெருக்காரர்களின் போனுக்குச் செய்தி அனுப்பும். கட்டற்ற மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். இதற்காக இரண்டு மேடைகளில் ஜாய்சனுக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். ஆனால் அதை எப்படி நிறுவுவது, எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்ல வேண்டிய பக்கத்தைத் திறந்தால், 'பிறகு எழுதப்படும்' என்று ஒரு வரி இருக்கும். நாலு வருஷமாக அந்த ஒரு வரிதான் இருக்கிறது.

உதவ ஆள் வராமல் இல்லை. முகிலன் என்பவர், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று தானாகவே பார்த்துச் சொல்லும் சோதனைகளை எழுதிக் கொண்டுவந்தார். ஓடுகிற வண்டிக்கு எதற்குச் சோதனை என்று ஜாய்சன் அதைத் தள்ளிவிட்டான். முகிலன் ஒதுங்கிக்கொண்டார். அவருக்குப் பின் ஐந்து பேர் வந்தார்கள். ஒன்றும் புரியாமல் கேள்வி கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். ஊருக்கெல்லாம் பொது என்று மேடையில் முழங்கியவன், உள்ளே வந்தவர்களை ஒருவர் விடாமல் விரட்டியடித்தான்.

அன்றைய கேள்வியை அனுப்பியவள் ஜெரூஷா. முடிச்சூரில் குடியிருக்கும் கணக்கு டீச்சர். அவள் தெருப் பாலத்தில் பழைய கருவி பழுதாகி, வேறு வகைக் கருவி ஒன்றை மாட்டியிருந்தாள். அமைப்பில் 'வகை' என்ற இடத்தில் 0 போடுவதா 1 போடுவதா என்று பணிவாகக் கேட்டிருந்தாள். 'ப்ரோக்ராம் வரிகளைப் படித்துப் பாருங்கள்' என்று தட்டிவிட்டு ஜாய்சன் லேப்டாப்பை மூடினான்.

ஜெரூஷா மூன்று நாள் படித்தாள். விளக்கம் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. பழைய கருவி தண்ணீரின் ஆழத்தைச் சொல்வது. புதியதோ பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் உள்ள இடைவெளியைச் சொல்வது. தண்ணீர் ஏற ஏற எண் குறையும். அதற்கு 1 போட வேண்டும் என்பது ஜாய்சனின் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. இதுவும் ஆழம்தான் என்று நினைத்து, பழைய கருவிக்கு இருந்த 0-வையே அவள் போட்டாள். தப்பு என்று சொல்ல ஒரு சோதனையும் இல்லாததால் வெள்ளமணி அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

டிசம்பர் முதல் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஜெரூஷாவின் தெருவிலேயே தரைத்தளத்தில் மாவு மில் வைத்திருப்பவள் கங்கையம்மாள். 2015 வெள்ளத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவள். அதிலிருந்து, மழை வலுத்தால் மோட்டாரைக் கழற்றி, கூரையில் மாட்டிய சங்கிலிக் கப்பியில் மேலே ஏற்றிவிடுவாள். அன்றும் காலையிலேயே ஏற்றிவிட்டாள். பதினொரு மணிக்குப் போனில் செய்தி வந்தது: 'தண்ணீர் வடிகிறது.' அரை மணி கழித்து மறுபடியும் அதே செய்தி. அரைக்க வந்த மூட்டைகள் வரிசையில் காத்திருந்தன. அவள் தன் கையாலேயே மோட்டாரை இறக்கி மாட்டினாள். இரண்டு மணிக்குக் கால்வாய்த் தண்ணீர் இடுப்பளவு உள்ளே வந்தது.

செய்தி தலைகீழாக வந்ததை ஜெரூஷா வெள்ளமணியின் இணையப் பக்கத்திலேயே எல்லோரும் பார்க்க எழுதிவிட்டாள். பெயர் கெடுகிறதே என்றுதான் ஜாய்சன் மூன்றாம் நாள் முடிச்சூர் வந்தான். ஜெரூஷா அவனைக் கங்கையம்மாளின் மில்லுக்குக் கூட்டிப்போனாள். உள்ளே சேறு கணுக்கால் வரை கிடந்தது. மோட்டார் செத்துக் கிடந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை.

"ப்ரோக்ராம்ல ஒரு தப்பும் இல்லை. 1 போட வேண்டிய இடத்துல மேடம் 0 போட்டுட்டாங்க. ஃப்ரீயா குடுக்கறோம், இதுக்கு மேல என்ன பண்ண முடியும்?" என்றான்.

"அந்தம்மா உன்னாண்ட கேட்டாங்களா இல்லியா?" என்றாள் கங்கையம்மாள்.

"கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

ஜாய்சன் போனை எடுத்துப் பார்த்தான். அவள் சுவரைக் காட்டினாள். தண்ணீர் ஏறிய கறைக்கு மேலே சாக்பீஸ் எழுத்து அழியாமல் இருந்தது. மிளகாய் அரைத்த பிறகு ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டு, நாக்கில் வைத்துப் பார், காரம் இருந்தால் மறுபடி ஓட்டு.

"நான் இல்லாதப்போ தீபான்னு ஒரு பொண்ணு மில்லு ஓட்டும். அதுக்குத்தான் எழுதி வச்சிகீறேன். ஒரு பிடி போட்டுப் பாக்காம அடுத்தவங்க மாவுல கை வைக்க மாட்டோம். நான் அஞ்சாங்கிளாஸு. நீ இன்னா படிச்சிகீற?"

சாக்பீஸை எடுத்து அவன் கையில் திணித்தாள். அந்த நம்பர் குறைந்தால் என்ன அர்த்தம் என்று அங்கேயே எழுதச் சொன்னாள். தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவன் எழுதினான்: 'எண் குறைந்தால் தண்ணீர் ஏறுகிறது.' அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"நாலு வார்த்த," என்றாள் கங்கையம்மாள். "இத்த எழுத உனக்கு நாலு வருசம் பத்தல. என் மில்லு பூடுச்சி."

ஜெரூஷா முன்னால் வந்தாள். "ப்ரோக்ராமைத் திறந்து வச்சுட்டா மட்டும் அது ஊருக்குச் சொந்தமாயிடாது சார். எப்படி ஓட்டணும்னு எழுதி வைக்கணும். சரியா ஓடுதான்னு சோதிச்சுப் பாக்கணும். இது ரெண்டும் இல்லன்னா உதவ வர்றவங்களும் நிக்க மாட்டாங்க, நம்பறவங்களும் மோசம் போவாங்க. முகிலன் சாருக்குப் போன் பண்ணிட்டேன். உங்க ப்ரோக்ராமை எடுத்து நாங்களே தனியா நடத்தப் போறோம். அதுக்கு உங்க அனுமதிகூட வேண்டாம்."

ஜாய்சனுக்கு முகம் சுண்டிப்போனது. மோட்டாரை அப்போதுதான் பார்த்தான். இன்றைக்கே எல்லாவற்றையும் எழுதிவிடுவதாக முணுமுணுத்தான்.

"எழுது. எழுதி அந்தம்மாவாண்ட குடு," என்றாள் கங்கையம்மாள். "அவங்க ஒரு பிடி போட்டுப் பாக்கட்டும். அதுவரிக்கும் உன் மெசேஜு என் போனுக்கு வரக்கூடாது."