எறும்புக்குப் போட்ட கோடு

செந்தில்வேல் அண்ணாச்சி வெளியில் எதிரி தேட வேண்டியதில்லை, அவருக்கு அவர் வாய் ஒன்றே போதும். உடன்குடியிலிருந்து வந்து தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. கடையில் ஒரு வாடிக்கையாளரிடமும் வார்த்தை தடித்ததில்லை. அங்கே அடக்கி வைத்ததையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து வீட்டில் அவிழ்ப்பார். மனைவி பிரேமா அதில் பாதியைக் காதில் வாங்குவாள், மீதியை மிக்ஸியை ஓடவிட்டு அமுக்கிவிடுவாள்.

ஒரே மகள் ரம்யா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. நாய்க்குட்டிகள் நுழைந்தது அப்போதுதான். தெருவில் ஆதரவில்லாமல் கிடக்கும் குட்டிகளைத் தூக்கி வந்து காப்பாற்றுகிற சிறு கூட்டம் ஒன்று ஊரில் இருந்தது. கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் ஜெர்லின் என்ற பெண்தான் அதற்காக ஓடியாடித் திரிகிறவள். அவள் கொண்டுவந்து விடும் குட்டிகளை ஒன்றரை மாதம் வீட்டில் வைத்து, பாலும் சோறும் ஊட்டி, தடுப்பூசி போட்டு, நல்ல இடம் அமைந்ததும் கொடுத்துவிட வேண்டும். வளர்ப்பதெல்லாம் ஒரு வேலையே இல்லை, கொடுப்பதுதான் வேலை என்பது பிரேமாவுக்கு முதல் தடவையிலேயே தெரிந்துபோனது. பாளையங்கோட்டைக்காரர்கள் குட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போன அன்று அவள் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். மகளைக் கட்டிக்கொடுத்த அன்றைக்குக்கூட இப்படி அழவில்லையே என்று செந்தில்வேல் கேலி செய்தார். ஆனால் அந்த ரசத்தை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

இப்போது வந்திருந்தது நான்காவது கூட்டம். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரி அடித்துத் தாய் செத்துப்போக, உப்பளத்து ஓரமாகக் கத்திக்கொண்டு கிடந்த மூன்று குட்டிகள். பெயர் வைத்தால் மனசு ஒட்டிக்கொள்ளும் என்று பிரேமா பெயர் வைக்கமாட்டாள். செந்தில்வேல்தான் கடைப் பழக்கத்தில் தரம் பிரித்தார். கொழுகொழுவென்று இருந்தது முதல் தரம். அடுத்தது இரண்டாம் தரம். பின்னங்காலை லேசாக இழுத்து நடந்த பூஞ்சைக் குட்டி உடைசல். உடைசலை ஒருத்தரும் கேட்கமாட்டார்கள் என்று முதல் நாளே அடித்துச் சொன்னார். அவர் சொல்லி எதுதான் பலித்தது? அதைக் கேட்டுத்தான் முதலில் ஆள் வந்தது. திருச்செந்தூரில் ஒரு டீச்சர் அம்மா படத்தைப் பார்த்ததுமே அந்தக் குட்டிதான் வேண்டும் என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

அட்டைப்பெட்டி நனைந்து நனைந்து கிழிந்துபோவதைப் பார்த்து, குட்டிகள் படுக்கக் கடையிலிருந்து அகலமான ஓலைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து போட்டதும் செந்தில்வேல்தான். கொண்டுவந்தது இரக்கத்தால் இல்லை, கடையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது என்று வேறு சொல்லிக்கொண்டார். கேட்டவர் யாருமில்லை.

இதெல்லாம் சரி. போன வாரம் உடைசல் அவருடைய புதுச் செருப்பின் வாரைக் கடித்துத் துண்டாக்கியபோதுதான் அந்த வார்த்தை வந்தது. கூடத்தில் ஜெர்லின் உட்கார்ந்திருந்தாள். செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செந்தில்வேல் சொன்னார்:

“ஏளா பிரேமா, ஒரு நாளைக்கு இதுக சோத்துல மருந்த வச்சிருவேன், பாத்துக்க.”

ஜெர்லின் சிரிக்கவில்லை. பிரேமா மிக்ஸியைப் போடவில்லை. குட்டி மட்டும் வாலை ஆட்டியது.

செவ்வாய்க்கிழமை காலையில், பிரேமா குளிக்கப் போயிருந்த நேரம், பின்கட்டில் குட்டிகள் வீறிட்டன. செந்தில்வேல் போய்ப் பார்த்தால் ஓலைப்பெட்டி முழுக்கச் செவ்வெறும்பு. எத்தனை வருஷம் கருப்பட்டி சுமந்த பெட்டி, தட்டித் துடைத்தால் மட்டும் வாசம் போய்விடுமா? உடைசலின் கண்ணிமையில் இரண்டு எறும்பு கவ்விக்கொண்டிருந்தன. அவர் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, ஊதி, நகத்தால் எறும்பைக் கிள்ளி எடுத்தார். துணியை உதறி மாற்றினார். பிறகு கடைக்கென்று ஸ்கூட்டர் பெட்டியில் வைத்திருந்த எறும்புப் பொடியை எடுத்துவந்து ஓலைப்பெட்டியைச் சுற்றி ஒரு கோடு போட்டார். அவர் யோசித்துச் செய்ததல்ல அது. குடோனில் பலகைக் கால்களைச் சுற்றி வாரம் ஒருமுறை போடுகிற கோடு. ஓலைப்பெட்டியைக் கண்டால் அந்தக் கை தானாகவே கோடு போட்டுவிடும்.

பிரேமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சியது தெரிந்துவிடும். இத்தனை மாதம் கட்டிக் காத்த முறைப்பு என்னாவது? பேசாமல் கடைக்குப் போய்விட்டார்.

பதினொரு மணிக்குப் பிரேமா போன் செய்தாள். உடைசலுக்கு வாயில் எச்சில் ஒழுகுகிறது, உடம்பெல்லாம் நடுங்குகிறது, இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டது, ஜெர்லினை வரச்சொல்லி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம் என்றாள். குரல் தாழ்ந்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல இருந்தது. மருந்து கிருந்து எதையாவது தின்றதா என்று டாக்டர் கேட்டாராம். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டாளாம். மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

செந்தில்வேல் போனைக் கையில் வைத்தபடி குடோனுக்குள் பார்த்தார். பலகைக் காலைச் சுற்றி வெள்ளைக் கோடு. வீட்டில் ஓலைப்பெட்டியைச் சுற்றியும் அதே கோடு.

பெட்டியின் விளிம்பு முழ உயரம், குட்டி ஏறியிருக்காது என்று நினைத்தார். நேற்று சாயங்காலம் அது ஏறிக் குதித்ததும், ‘உடைசலுக்குத் திமிரப் பாரு’ என்று தானே சொன்னதும் ஞாபகம் வந்தது. நாய்க்கு வேறு எத்தனையோ காய்ச்சல் வரும், அதில் ஒன்றாக இருக்கும் என்று நினைத்தார். இருக்கலாம்தான். டாக்டர் முத்துக்குமரனுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மறுபடி போட்டார், அதற்கும் பதில் இல்லை.

விஷயத்தைச் சொல்லிவிடலாம், அதில் ஒன்றும் இல்லை. யாரிடம் சொல்வது என்பதுதான் சிக்கல். மருந்து வைப்பேன் என்று வாயால் சொன்னவன், ஏழே நாளில் மருந்து வைத்திருக்கிறான். எறும்புக்குத்தான் போட்டேன் என்றால் சின்னப் பிள்ளைகூட நம்புமா? டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு அவர் காதில் மட்டும் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். பொடிப் பாக்கெட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

ரெண்டாம் கேட் மூடியிருந்தது. கேட் என்றைக்குத்தான் அவசரக்காரனுக்குத் திறந்திருக்கிறது? ரயிலைக் காணவில்லை. பக்கத்தில் மீன் வண்டிக்காரர் சாவகாசமாகப் பல் குத்திக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் பாக்கெட் நெஞ்சை உரசிக்கொண்டே இருந்தது. குட்டி செத்துப்போயிருந்தால் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காதே என்று ஒரு நினைப்பு எங்கிருந்தோ வந்தது. வந்த வேகத்தில் அவருக்கே குமட்டியது. சீ, மனுஷனா நீ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மீன் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறைதான். உள்ளே மேஜைமேல் உடைசல் துண்டில் கிடந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. பிரேமா அதன் தலையைப் பிடித்திருந்தாள், முந்தானை முழுக்க எச்சில். ஜெர்லின் சுவரோரம் நின்றாள். செந்தில்வேல் டாக்டரைப் பார்த்து, ஒரு நிமிஷம் வெளியே வரமுடியுமா என்று கேட்டார். டாக்டர் நகரவில்லை.

“அண்ணாச்சி, விஷம்னா ஊசி இருக்கு. இவங்க விஷமே இல்லங்காங்க. அப்பம் இது மூளைக்குப் போற காய்ச்சல்தான். அதுன்னா நான் ஒண்ணும் செய்யதுக்கில்ல. கஷ்டப்படுத்தாம அனுப்பி வைக்கணும்.”

பிரேமா தலையை நிமிர்த்திப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் குட்டியின் கண்ணிமையில் காலையில் எறும்பு கடித்த தடிப்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகு தனியாவது, காதாவது. பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“காலைல நாந்தான் போட்டேன். எறும்புக்கு. பெட்டியச் சுத்தி.”

 டாக்டர் பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பொடி எழுத்தைப் படித்தார். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தார். ஜெர்லினுக்குத்தான் முதலில் உறைத்தது. வீட்டில் இன்னும் இரண்டு குட்டி அதே பெட்டியில் இருக்கின்றன.

“நான் போயி எடுத்துட்டு வாரேன்” என்று செந்தில்வேல் வாசலுக்குத் திரும்பினார். பிரேமா இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். எடுத்தவள் அதை ஜெர்லினிடம் நீட்டினாள். ஜெர்லின் அவரைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு ஓடினாள்.

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் பிரேமா அவரை ஏசியிருக்கிறாள், பேசாமல் இருந்திருக்கிறாள், கோபித்துக்கொண்டு ஏரலில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். எதுவும் இந்தச் சாவி மாதிரி வலித்ததில்லை. செந்தில்வேல் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். கடையிலிருந்து மூன்று தடவை போன் வந்தது, எடுக்கவில்லை. மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன, குளிப்பாட்டி வேறு அறையில் விட்டாயிற்று என்று ஒரு மணிக்கு ஜெர்லின் போன் செய்தாள், பிரேமாவுக்குத்தான். உள்ளே இரண்டாவது ஊசி போட்டார்கள். திருச்செந்தூர் முருகனிடம் மொட்டை, அங்கப்பிரதட்சணம் என்று செந்தில்வேல் வேண்டிக்கொண்டே போனார். நாய்க்காக மொட்டை போடுவதா என்று வேறொரு நாளாக இருந்தால் அவரே கேலி செய்திருப்பார்.

நாலு மணி வாக்கில் நடுக்கம் நின்றது. நாலரைக்கு உடைசல் தலையைத் தூக்கி, பிரேமாவின் கட்டைவிரலைச் செருப்பு வாரைப்போல ஒரு கடி கடித்தது. டாக்டர் சிரித்துவிட்டார். பிழைத்துக்கொண்டது, இன்றைக்கு மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், காலையில் கொண்டுவாருங்கள் என்றார்.

ஸ்கூட்டரில் பிரேமா குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கமாக அவர் தோளில் வைக்கிற கையைக் கம்பியில் வைத்துக்கொண்டாள். ரெண்டாம் கேட் மறுபடியும் மூடியிருந்தது. செந்தில்வேல் வண்டியை அணைத்தார். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல், காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் முன்னால் பார்த்தபடியே சொன்னார். எறும்பு மொய்த்தது, இமையிலிருந்து கிள்ளி எடுத்தது, துணி மாற்றியது, சொல்ல வெட்கப்பட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்று கடைசியில் சொன்னார்.

பிரேமா குட்டியை முந்தானையால் மூடினாள். பிறகு அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்.

“மருந்து தின்னுச்சான்னு டாக்டர் கேட்ட ஒடனே எனக்கு ஒங்க நெனப்புதான் வந்துச்சு. நீங்கதான் வச்சிட்டியன்னே நெனச்சேன்.”

அவர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

“தெரிஞ்சுதான் இல்லன்னு சொன்னேன். அந்த ஜெர்லின் புள்ள முன்னால ஒங்களக் காட்டிக்குடுக்க மனசு வரல. நீங்க வார வரைக்கும் ஒரு மணி நேரம், இது என் மடியில கெடந்து துடிக்கி, நான் ஒங்களுக்காக வாய மூடிக்கிட்டு இருக்கேன். அதுக்குள்ள இது செத்திருந்தா நானுந்தான் கொன்னிருப்பேன்.”

ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகக் கடந்து போகும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இனிமே வெளையாட்டுக்குச் சொன்னாலும் நான் நம்பிருவேன், பாத்துக்கிடுங்க” என்றாள் பிரேமா.

கேட் மேலே ஏறியது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹார்னை அழுத்தினான்.  செந்தில்வேல் வண்டியைக் கிளப்பி, குட்டிக்கு அதிராமல், தண்டவாளத்தை மெல்ல ஏறிக் கடந்தார்.